எலிவேட்டர் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது: ஒரு தீவன ஆலைப் பதிவு

மக்காச்சோளத் தூசி வெடிக்கும் என்று சொன்னால் எங்கள் ஆலையில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். தீப்பிடிக்கும் என்றால் ஒப்புக்கொள்வார்கள்; சாக்கு எரிந்ததையும் தவிட்டு மூட்டை புகைந்ததையும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தானியம் ஒரு கட்டடத்தையே பெயர்த்தெடுக்கும் என்பது மட்டும் காதில் ஏறாது. நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் அரைக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். லாரியில் வரும் சோளத்தை மேலே தூக்கும் எங்கள் வரவு எலிவேட்டரை அடியோடு சீர்செய்தபோது என்ன செய்தோம், எதற்காகச் செய்தோம், எது பலன் தந்தது என்பதை இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் அமைப்பு பெரும்பாலான தீவன ஆலைகளில் இருப்பதுதான். லாரியில் வரும் மக்காச்சோளம் தரைமட்டக் குழியில் கொட்டப்படுகிறது. குழிக்கு அடியில் ஓடும் சங்கிலிக் கன்வேயர் அதை எலிவேட்டரின் அடிப்பெட்டிக்குத் தள்ளுகிறது. பெல்ட்டில் போல்ட் போட்டுப் பூட்டிய பக்கெட்டுகள் அங்கிருந்து சோளத்தை அள்ளிச் சென்று உச்சியில் தலைப்பெட்டியில் கொட்டுகின்றன. பிறகு சலிப்பான், காந்தம், சோளத்தைச் சேமிக்கும் உயர்ந்த கொள்கலனான சைலோ, சுத்தியல்களால் அடித்து அரைக்கும் ஹேமர் மில். பெரம்பலூர், அரியலூர் வரத்தோ, கர்நாடக வரத்தோ, சோளம் நன்றாகக் காய்ந்து வந்தால் கொள்முதல் பார்ப்பவருக்குச் சந்தோஷம். எங்களுக்கு அன்றுதான் தூசி அதிகம். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தூக்கும்போதும் மணியின் மேல்தோல் சிவப்புச் செதிலாக உரிந்து பறக்கும். அதனுடன் மாவும் சேரும்.

வேலை தொடங்கியதற்குக் காரணம் ஒரு வாடை. எலிவேட்டரின் அடிப்பெட்டிப் பக்கம் ரப்பர் கருகும் வாடை வருவதாக மாலை ஷிப்டு பிட்டர் சொன்னார். குழிக் கன்வேயரை நிறுத்தினோம், எலிவேட்டரை நிறுத்தினோம், மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டோம், அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று ஆட்களை வெளியேற்றினோம். கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்பானரோடு வந்தவரைத் தடுத்தேன். உள்ளே தூசி கனன்றுகொண்டிருந்தால், கதவைத் திறந்ததும் புதுக் காற்று நுழையும், படிந்த தூசி கிளம்பும். இரவு முழுக்க ஆறவிட்டு, வெளித்தகட்டில் எங்குமே சூடு இல்லை என்று வெப்பமானியால் பார்த்த பிறகுதான் திறந்தோம்.

உள்ளே கண்டதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஆலைகளிலும் இதே குறிகள்தான் இருக்கும். அடிப்பெட்டியின் வலப்பக்கத் தகடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய், துருவும் போய், வெள்ளை இரும்பாகப் பளபளத்தது. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதன் கீழே கறுப்பு ரப்பர்த் தூள் ஒரு சிறு மேடாகக் கிடந்தது. கீழ்ப் புல்லிக்கு அடியில் சோளத்தூசி இறுகிக் கட்டியாகியிருந்தது; மேலே வெளிர் மஞ்சள், தகட்டை ஒட்டிய இடத்தில் காப்பிக் கொட்டை நிறம். அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் பிட்டர் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருவருமே ஒன்றும் பேசவில்லை. தூசி அடுக்கு மெதுவாக வெந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காற்றில் மேகமாக இருக்கும் தானியத் தூசி பற்றிக்கொள்ள ஏறக்குறைய 400 டிகிரி சூடு வேண்டும். சூடான இரும்பின் மேல் அடுக்காகக் கிடக்கும் தூசிக்கு அவ்வளவு தேவையில்லை. அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே கனல ஆரம்பித்துவிடும்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளியிடம் பணம் கேட்டபோதும் இந்தக் கணக்கைத்தான் காட்டினேன்.

சைலோவின் மேல்தளக் கூடத்தில் கேபிள் தட்டின் மீது படிந்திருந்த தூசியை வழித்தெடுத்தோம். விரலில் எடுத்துத் தேய்த்தால் கோலமாவைவிட மென்மையாக இருந்தது. அதை ஒரு லிட்டர் குவளையில் நிரப்பி எடை போட்டதில் சுமார் 300 கிராம் வந்தது. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் படியும் தூசியின் எடை 300 கிராம். அந்தக் கூடத்தின் உயரம் மூன்று மீட்டர். படிந்ததெல்லாம் ஒரே உலுக்கலில் எழும்பினால் கன மீட்டருக்கு 100 கிராம் ஆகிறது. தானியத் தூசி பலவும் கன மீட்டருக்கு 50, 60 கிராம் சேர்ந்தாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அதாவது, பெருக்காமல் விட்ட ஒரு மில்லிமீட்டர் தூசியே அந்தக் கூடத்துக்குத் தேவைக்கு மேல். எங்கள் கேபிள் தட்டில் அப்போது ஒரு விரல்கனம் இருந்தது.

வெடிக்கும் அளவுக்குத் தூசி அடர்ந்த காற்று எப்படி இருக்கும் என்பதற்கு இத்துறையில் ஒரு பழைய அடையாளம் உண்டு. கன மீட்டருக்கு 40 கிராம் தூசி இருந்தால், எரிகிற 25 வாட் பல்பை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஆட்கள் நடமாடும் இடத்தில் அப்படிப்பட்ட மேகம் சாதாரணமாக இருக்காது. யாராலும் மூச்சுவிட முடியாது. ஓடுகிற எலிவேட்டருக்குள் அது இருக்கும்.

வெடிப்பதற்கு ஐந்து வேண்டும்: எரியும் தூசி, காற்று, அந்தத் தூசி மேகமாக எழும்புவது, அதை அடைத்து வைக்கும் கூடு, ஒரு தீப்பொறி. எலிவேட்டரின் வேலையே தானியத்தை ஓர் இரும்புக் கூட்டுக்குள் குலுக்கித் தூக்குவது. அதனால் ஐந்தில் நான்கு அதற்குள் எந்நேரமும் இருக்கின்றன, அவற்றை நாம் விலக்க முடியாது. ஐந்தாவதை உள்ளே விடாமல் இருப்பது ஒரு வேலை. வெளியே கூடங்களில் முதலாவதைச் சேரவிடாமல் இருப்பது இன்னொரு வேலை. எங்கள் திட்டம் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும், இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏனென்றால் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது வெடிப்பு. எலிவேட்டருக்குள் நடக்கும் முதல் வெடிப்பு தகட்டைக் கிழித்து வெளியே வரும். அதன் அதிர்வு உத்திரத்திலும் சட்டங்களிலும் படிந்த தூசியை மொத்தமாக உதிர்க்கும். பின்னாலேயே வரும் சுடர் அந்தப் புது மேகத்தைப் பற்றவைக்கும். அது அடுத்த கூடத்தை உலுக்கும், அங்கேயும் தூசி எழும்பும். இப்படிக் கூடம் கூடமாகப் போகும்.

1998 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஹேஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் இதுதான் நடந்தது. அரை மைல் நீளத்துக்கு நீண்ட, 246 சைலோக்கள் கொண்ட கோதுமைக் கிடங்கு அது. சுரங்கப் பாதையில் ஓடிய பெல்ட் கன்வேயரின் ஓர் உருளையில் பேரிங் கிரீஸ் இல்லாமல் இறுகிப்போனது. உருளை நின்றது, பெல்ட் நிற்கவில்லை. ஓடி ஓடி அதன் மேல் உரசியது. அந்தச் சூட்டில் தூசி பற்றியதுதான் தொடக்கம் என்று விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. ஏழு பேர் இறந்தார்கள். சுரங்கத்திலும் கூடங்களிலும் சேர்ந்திருந்த தூசிதான் ஓர் உருளையின் தீயை அந்த அரை மைலுக்கும் கொண்டுபோனது. கிரீஸ் அடிக்கும் பையன்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். பேரிங்குக்கு ஏன் தேதி எழுதி வைக்கிறோம் என்று அதன் பிறகு அவர்கள் கேட்டதில்லை.

இது புதிய ஆபத்தும் அல்ல. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு, எரிந்துகொண்டிருந்த விளக்கினால் வெடித்திருக்கிறது. 1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ஏ என்ற பெரிய மாவு ஆலை வெடித்து, பக்கத்து ஆலைகளையும் சேர்த்து அழித்தது. 18 பேர் இறந்தார்கள். 1977 டிசம்பர் 22 அன்று அதே நாட்டில் லூயிசியானாவின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் இறந்தார்கள். ஐந்தாம் நாளே டெக்சாஸின் கால்வெஸ்டனில் இன்னொரு தானியக் கிடங்கு வெடித்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1987இல்தான் அந்த நாட்டில் தானியக் கிடங்குகளுக்கென்றே பாதுகாப்பு விதி வந்தது. தூசிக் கனம், பெல்ட் வேகம் இரண்டுக்கும் நாங்கள் அந்த விதியின் அளவுகளைத்தான் எடுத்துக்கொண்டோம். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அதன் 37ஆவது பிரிவில், வெடிக்கக்கூடிய தூசியைப் பற்றிப் பேசியது: இயந்திரத்தை மூடு, தூசியைச் சேரவிடாதே, தீப்பொறிக்கு இடம் கொடுக்காதே என்று. படித்திருக்க வேண்டியவர்கள் பலர் அதை வேதிப்பொருள் ஆலைகளுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன்.

பெல்ட் ஏன் ஒரு பக்கமாக ஒதுங்கித் தகட்டில் உரசியது என்று தேடினோம். காரணம் ஒன்றல்ல. கீழ்ப் புல்லியை இழுத்துப் பிடிக்கும் திருகுகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை; ஒரு பக்கம் கூடுதலாக இறுக்கியிருந்தது. அடிப்பெட்டியில் கட்டிய தூசி புல்லியின் ஒரு பக்கத்தில் ஏறி ஒட்டியதால் புல்லியின் விட்டம் அங்கே கூடியிருந்தது. உச்சியில் மேல் புல்லியின் ரப்பர் உறை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மூன்றாவதுதான் மிகவும் கவலை தந்தது. உறை தேய்ந்தால் பெல்ட் வழுக்கும். அடிப்பெட்டி சோளத்தால் அடைத்துக்கொண்டு பெல்ட் நின்றுவிட்டாலும், மோட்டார் மேல் புல்லியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்ற ரப்பரின் மேல் சுற்றும் இரும்பு. சில நிமிடங்களில் பெல்ட் எரிந்து அறுந்து, எரிகிற பக்கமே முழு உயரத்துக்கும் கீழே விழும். கீழே தூசி மேகம் காத்திருக்கும். எலிவேட்டர் விபத்துகளில் அடிக்கடி சொல்லப்படும் வழி இது.

மேல் புல்லியைக் கழற்றிப் புது ரப்பர் உறை ஒட்டினோம், சாய்சதுரக் கோடு வெட்டிய உறை. தூசி அந்தக் கோடுகளுக்குள் ஒதுங்கிவிடுவதால் பிடிப்பு நிற்கிறது. பழைய பெல்ட்டை வைத்துக்கொள்ளலாம், ஓரத்தை வெட்டிவிட்டால் போதும் என்று ஒரு கருத்து வந்தது, நான் ஒப்பவில்லை. எண்ணெய் தாங்கும், தீ பரவாத, மின்னேற்றம் தங்காத ரகத்தில் புதிய பெல்ட் வாங்கினோம். விலை சாதாரணப் பெல்ட்டைவிட நன்றாகவே கூடுதல். பக்கெட்டுகளை இரும்பிலிருந்து கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம். ஒன்று கழன்று தகட்டில் அடித்தாலும் பொறி பறக்காது, எடை குறைவதால் பேரிங்குக்கும் நல்லது. கழன்று விழும் போல்ட்டுகளும் ஆபத்துதான் என்பதால், தானாக இளகாத நட்டுகளையே போட்டோம்.

அடிப்பெட்டிக் கதவை மாற்றியது சிறிய வேலை, பலன் பெரிது. முன்பு எட்டு போல்ட் கழற்றினால்தான் கதவு வரும். அதனாலேயே யாரும் கழற்றுவதில்லை. இப்போது இரண்டு பக்கமும் கொக்கி போட்ட இழுப்புக் கதவுகள். எலிவேட்டரை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகு ஒருவரே திறந்து, அடியில் தங்கிய சோளத்தையும் தூசியையும் வழித்துவிடலாம்.

அடுத்தது கண்காணிப்புக் கருவிகள். கீழ்ப் புல்லியின் அச்சில் ஒரு சிறு இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, அதற்கு எதிரே சென்சார் பொருத்தினோம். தகடு கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு. துடிப்பை எண்ணிப் பெல்ட்டின் வேகம் தெரிந்துகொள்ளலாம். இந்தச் சென்சாரை மேல் புல்லியில் வைக்கும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே ஏறிப் பொருத்துவது எளிது என்று. அப்படி வைத்தால் பயனில்லை. மேல் புல்லியை மோட்டார் சுற்றுகிறது. பெல்ட் நின்றாலும் அது சுற்றும். கீழ்ப் புல்லியைப் பெல்ட் மட்டுமே சுற்றுகிறது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் மணி அடிக்கும்படியும், 20 சதவீதம் குறைந்தால் எலிவேட்டர் நிற்கும்படியும் வைத்தோம். எலிவேட்டர் நின்றால் குழிக் கன்வேயரும் அதே கணத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கன்வேயர் தள்ளிக்கொண்டே இருக்கும், அடிப்பெட்டி அடைத்துக்கொள்ளும்.

நான்கு பேரிங்குகளிலும் வெப்பச் சென்சார். எவ்வளவு சூட்டில் நிறுத்துவது என்பதைக் கையேட்டைப் பார்த்து அப்படியே வைக்கவில்லை. எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு பேரிங்கும் வழக்கமாக எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்று முதலில் குறித்தோம்; அதன் பிறகுதான் 70இல் எச்சரிக்கை, 80இல் நிறுத்தம் என்று வைத்தோம். பெல்ட் ஒதுங்குவதைக் காட்டத் தலைப்பெட்டியிலும் அடிப்பெட்டியிலும் பித்தளைக் கட்டைகள். பெல்ட் ஓரம் தகட்டைத் தொடும் முன் பித்தளையைத் தொடும், பித்தளை சூடாகும், சென்சார் சொல்லும்.

இவற்றைப் பொருத்தியதைவிட, பொருத்தியபடி ஓடவிட்டதுதான் பெரும்பாடு. புதுப் பெல்ட் போட்ட சில நாட்களில் வேகச் சென்சார் அடிக்கடி எலிவேட்டரை நிறுத்தியது. வரத்து உச்சத்தில் இருந்த காலம். ஒரு காலை பேனலைத் திறந்தால், சென்சார் எலிவேட்டரை நிறுத்த முடியாதபடி அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருந்தார்கள். ஆபரேட்டரைக் கேட்டேன். “லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது சார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் நின்றால் நான் யாருக்குப் பதில் சொல்வது?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒயரை எடுத்துவிட்டு, வரிசையை நிறுத்தி வைத்து, அடிப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். புதுப் பெல்ட் இழுபட்டு நீண்டிருந்தது. திருகில் இறுக்கம் போய், பாரம் ஏறும்போதெல்லாம் நிஜமாகவே வழுக்கியது. சென்சார் சொன்னது உண்மை. இறுக்கிய பின் நிற்கவில்லை. புதுப் பெல்ட் போட்டால் முதல் சில வாரங்கள் திரும்பத் திரும்ப இறுக்க வேண்டும் என்பதைப் பராமரிப்பு அட்டவணையில் எழுதினோம். பேனலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஷிப்டுப் பொறியாளரிடம் கொடுத்தோம். சென்சார் நிறுத்திய நேரத்துக்கு ஆபரேட்டர் பொறுப்பல்ல என்று முதலாளியே நேரில் வந்து சொன்னார். எனக்குக் கேட்டால், அந்தப் பூட்டைவிட இந்த வார்த்தைக்குத்தான் பலம் அதிகம்.

தூசி துடைப்பதைப் பற்றி இனி. எங்கள் ஆலையில் பெருக்கும் வேலை செய்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். எங்கே எவ்வளவு தூசி சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: “மேலே தட்டினால் கீழே விழுகிறது, கீழே பெருக்கினால் மேலே ஏறுகிறது. எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள் சார், அதை அடைத்தால் நாங்கள் பாதி பெருக்கினால் போதும்.” அவரையே அழைத்துக்கொண்டு தளம் தளமாகப் போனோம். தூசி கசியும் இடங்களை அவர் சுட்டிக்காட்ட, சாக்பீஸால் வட்டம் போட்டோம்: சோதனைக் கதவுகளின் இற்றுப்போன ரப்பர், தகடுகள் சேரும் இடத்தில் விட்டுப்போன போல்ட் துளைகள், சலிப்பானின் கிழிந்த துணிச் சட்டை, கொட்டும் குழாயில் தேய்ந்து விழுந்த ஓட்டை. அடைப்பதற்கு ஆன செலவு மிகக் குறைவு. மொத்தத் திட்டத்திலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

காற்றடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்தினோம். கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து உத்திரத்தில் அடித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெடிப்புக்கு வேண்டிய தூசி மேகத்தை நம் கையாலேயே உண்டாக்குகிறோம், அதுவும் இயந்திரங்கள் ஓடும்போது. இப்போது மேலிருந்து கீழாக, மென்மையான தூரிகையால் வழித்து எடுக்கிறோம். எட்டாத இடங்களுக்குத் தூசி ஆலைகளுக்கென்று செய்யப்பட்ட, எர்த் இணைத்த உறிஞ்சும் இயந்திரம். எலிவேட்டரைச் சுற்றி 11 மீட்டர் தூரத்துக்குள் எங்கும் தூசி 3 மில்லிமீட்டரைத் தொடக் கூடாது என்பது வரம்பு. ஆனால் என் கணக்கில் ஒரு மில்லிமீட்டரே அதிகம் என்பதால், தரையின் பெயின்ட் நிறம் தெரிகிறதா என்பதைத்தான் நாங்கள் அளவாக வைத்திருக்கிறோம். தரைக்குச் சிவப்பும் உத்திரங்களுக்கு நீலமும் அடித்தது அதற்காகத்தான். நிறம் மங்கினால் ஆளைக் கூப்பிட வேண்டும், அளவுகோல் தேவையில்லை.

தட்டையான உத்திரங்களின் மேல் சரிவாகத் தகடு அடித்தோம், கூரை மாதிரி, நல்ல செங்குத்தாக. தூசி அதில் தங்காமல் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. பெருக்கும் பெண்களுக்கு முகமூடியும் மாற்று வடிகட்டிகளும் கொடுத்தோம். வெடிப்பு இல்லாவிட்டாலும் இந்தத் தூசி ஒவ்வொரு நாளும் அவர்கள் நுரையீரலுக்குள் போகிறது.

தூசி உறிஞ்சும் பேக் ஃபில்டர் முன்பு கட்டடத்துக்குள்ளேயே நின்றது. ஒரு கட்டடத்துக்குள் வைத்திருக்கக் கூடாத ஒன்று இருந்தால் அது இதுதான்: மிக மெல்லிய தூசி, மேகமாக, பெட்டிக்குள் அடைத்து. அதை வெளிச் சுவருக்கு மாற்றினோம். வெடிப்பு அழுத்தம் வெளியேறும் தகடு காலி நிலத்தைப் பார்க்கும்படி வைத்து, அந்தப் பக்கம் வேலி போட்டு யாரும் போகாதபடி செய்தோம். ஃபில்டரில் நடப்பது குழாய் வழியே கட்டடத்துக்குள் திரும்பாமல் இருக்க ஒருவழித் தடுப்பு வால்வு. ஃபில்டர் பிடித்த தூசியை முன்பு எலிவேட்டருக்கே திருப்பி அனுப்பி வந்தார்கள், எடை குறையக் கூடாதென்று. அது மறுபடி மறுபடி சுற்றிவந்து அடர்த்தியைக் கூட்டும். இப்போது அது தனியாகச் சாக்கில் இறங்கி, நேராகக் கலவை இயந்திரத்துக்குப் போகிறது. எண்ணெய் சேர்ந்ததும் பறப்பது அடங்கிவிடும். எடையும் குறையவில்லை.

எலிவேட்டர் கூட்டில் கூரைக்கு மேல் இருக்கும் பகுதியிலும் தலைப்பெட்டியிலும் அதே போல் அழுத்தத்தை வெளியேற்றும் வெடிப்புத் தகடுகள் வைத்தோம். அவற்றின் பரப்பையும் இடத்தையும் நிபுணர்களைக் கொண்டு கணக்கிட்டோம். மெல்லிய தகரத்தை வெட்டி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். மாட்டிய பிறகும் கவனம் வேண்டும்: கூரைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் ஒரு தகட்டின் ஓரத்தையும் சேர்த்து அடித்து ஒட்டிவிட்டார்கள், சுரண்டி எடுத்தோம்.

குழியின் மேல் கம்பிச் சட்டத்தை நெருக்கமாக்கினோம், சோளம் எலிவேட்டரில் ஏறும் முன்பே பிடிக்கும்படி ஒரு காந்தமும் ஹேமர் மில்லுக்கு முன்னால் இன்னொன்றும் வைத்தோம். ஷிப்டு முடிவில் காந்தத்தைத் துடைத்து, கிடைத்ததை ஒரு டப்பாவில் போடுகிறோம். லாரிச் சங்கிலிக் கண்ணி, ஆணி, நட்டு, அறுவடை இயந்திரத்தின் உடைந்த பல், ஒரு முறை கதிர் அரிவாளின் நுனி. ஹேமர் மில்லின் சுத்தியல் அந்த அரிவாள் நுனியைச் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டப்பாவை ஓய்வறை மேசை மேலேயே வைத்திருக்கிறோம், காந்தம் துடைக்கச் சோம்பல் வரும்போது பார்ப்பதற்கு.

மின்சார வேலைகள் வழக்கமானவை: திறந்த டியூப் லைட்டுகளுக்குப் பதில் தூசி புகாத விளக்குகள், மூடிய சுவிட்சுகள், எலிவேட்டர் உடல், குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒயரால் இணைத்து எர்த். சைலோவுக்குள் ஒயரில் பல்பு கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் ஒழிந்தது. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சோளத்தைச் சைலோவில் ஏற்றுவதில்லை. ஈரச் சோளம் தானாகச் சூடேறிக் கனன்று, அந்தக் கனல் கட்டி எலிவேட்டருக்குள் வந்து சேரும்.

வெல்டிங்தான் எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது. எலிவேட்டர் தகட்டில் ஓட்டை விழுந்தால் வெளியிலிருந்து ஒரு தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவது எல்லா ஆலைகளிலும் வழக்கம். தகட்டின் மறுபக்கம் தூசி ஒட்டியிருக்கும், வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. இப்போது எங்கள் ஆலையில் எழுத்து அனுமதி இல்லாமல் வெல்டிங்கோ கிரைண்டரோ எடுக்கக் கூடாது, வெளிக் காண்ட்ராக்டருக்கும் இதே விதி. எல்லா இயந்திரமும் நின்று, காலியாகி, பூட்டுப் போட்டு, இரு பக்கமும் சுத்தமாகி, சுற்றுவட்டத் துளைகள் தீப்போர்வையால் மூடப்பட்ட பிறகே அனுமதி. வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஓர் ஆள் தண்ணீருடன் அங்கேயே உட்கார வேண்டும். தண்ணீரைச் சாரலாகத் தெளிக்கும் முனையோடு, ஏனென்றால் வேகமாகப் பீய்ச்சினால் தூசியே கிளம்பும். கழற்றி வெளியே எடுத்துச் சென்று பற்றவைக்க முடிந்ததை உள்ளே பற்றவைக்க அனுமதி கேட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இன்னும் முடியாத வேலை இருக்கிறது. ஹேமர் மில்லிலிருந்து கலவை இயந்திரத்துக்கு அரைத்த மாவைத் தூக்கும் இரண்டாவது எலிவேட்டர் கட்டடத்தின் நடுவிலேயே நிற்கிறது. அதில் ஓடுவது முழு மணி அல்ல, மாவு. ஆபத்து அதில்தான் கூடுதல். கருகல் வாடை வந்ததாலும், லாரி ஓட்டுநர்களும் சுமைதூக்குபவர்களும் சூழ நிற்பதாலும் முதலில் வரவு எலிவேட்டரை எடுத்தோம். இரண்டாவதன் வெடிப்புத் தகட்டைக் கட்டடத்துக்குள் திறக்கவிட முடியாது என்பதால், அந்த எலிவேட்டரையே வெளிச் சுவரை ஒட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. அடித்தளத்துக்கு மண் தோண்டியாயிற்று, பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. வேகச் சென்சாரும் பேரிங் சென்சார்களும் மட்டும் பழைய இடத்திலேயே பொருத்திவிட்டோம். மாற்றும் வரை அதைக் குறைந்த பாரத்தில் ஓட்டுகிறோம், அது ஓடும்போது அந்தத் தளத்தில் ஆள் நிற்க அனுமதி இல்லை, பிட்டர் அண்ணன் ஷிப்டு தொடங்கும் முன் அதன் அடிப்பெட்டியைத் திறந்து தகட்டில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.